பனங்காமம்: ஒரு சிற்றரசின் வரலாறு எழுதப்பட்ட முறை

ஈழத்துத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுந்தோர் யாழ்ப்பாண அரசுக்குப் பல அதிகாரங்களையும் வன்னிக்கு ஓர் அதிகாரத்தையும் ஒதுக்குவது வழக்கம். அந்த ஓர் அதிகாரமும் பெரும்பாலும் ஒரு மனிதனின் பெயரிலேயே முடிவடைகின்றது. வன்னி என்றதும் பண்டாரவன்னியன் என்பதும், பண்டாரவன்னியன் என்றதும் கற்சிலைமடு என்பதும் எமது நாவில் தாமாகவே வந்து விழுகின்றன. ஒரு நிலப்பரப்பின் பல நூற்றாண்டு ஆட்சி வரலாறு ஒரு நாட்போருக்குள் எவ்வாறு சுருங்கியது என்பதே இக்கட்டுரையின் வினா. எனவே, வன்னியர் யார், எங்கிருந்து வந்தனர் என்ற பழைய விவாதத்தினுள் நான் புகவில்லை. வன்னியைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் அதனை எவ்வாறு கண்டன, எதனைக் காணாது விட்டன என்பதையே நோக்க விரும்புகின்றேன். எடுத்துக்காட்டாகப் பனங்காமத்தைக் கொள்கின்றேன். துணுக்காய்க்கு அண்மையில், பாலியாற்றை அடுத்த காட்டுப்புறத்தில் இன்று ஒரு சிற்றூரின் பெயராக எஞ்சியிருக்கும் அப்பெயர், ஒரு காலத்தில் வன்னிச் சிற்றரசுகளுள் வலிமை மிக்க ஒன்றின் பெயராக விளங்கிற்று.

வன்னிமை என்பதை ஒரே அரசாகக் கருதுவது முதலிற் களைய வேண்டிய மயக்கம். பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவற்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி எனப் பற்றுக்கள் பலவாயிருந்தன. ஒவ்வொன்றுக்கும் வன்னியன் ஒருவன் இருந்தான். சில வேளைகளில் ஒருவனே பல பற்றுக்களைத் தன்கீழ்க் கொண்டிருந்தான். கிழக்கிலும் புத்தளப் பக்கத்திலும் நுவரகலாவியிலும் இதே பட்டத்தைத் தாங்கிய தலைவர்கள் இருந்தனர். இவர்களுட் சிங்களவரும் அடங்குவர். பதின்மூன்றாம் நூற்றாண்டு நிகழ்ச்சிகளைக் கூறும்போதே சூளவம்சம் வன்னி மன்னர்களைக் குறிப்பிடுகின்றது. பொலநறுவையின் வீழ்ச்சிக்குப் பின்னர், பேரரசுகளின் கை எட்டாத உலர்வலயக் காட்டு நிலங்களில் இத்தகைய சிற்றதிகாரங்கள் தலையெடுத்தன. வடக்கே யாழ்ப்பாணமும் தெற்கே கோட்டை, பின்னர்க் கண்டி ஆகியனவும் வலிமையுடன் இருந்தபோது அவை திறை செலுத்தின. அவை தளர்ந்தபோது திறையும் தளர்ந்தது. தமிழகத்துப் பாளையங்களோடு ஒப்பிடுவோர் இங்கேதான் ஒப்பிட வேண்டும். வாள் வீச்சில் அன்று.

வன்னியைப் பற்றி எமக்குக் கிடைக்கும் உள்நாட்டு நூல்களுள் முதன்மையானது வையாபாடல். அதன் 1980 ஆம் ஆண்டுப் பதிப்பைக் க. செ. நடராசா வெளியிட்ட பின்னரே மாணவரிடையே அதன் வாசிப்புப் பரவிற்று எனலாம். மதுரையிலிருந்து வந்த மணமகளுடன் அனுப்பப்பட்ட வன்னியர் அறுபதின்மர் அடங்காப்பற்றினைத் தமதாக்கிய கதை அதில் உண்டு. ஆய்வாளர் பலர் இந்நூலை வைத்துக்கொண்டு அறுபதின்மர் வந்தது எந்த நூற்றாண்டு என்று கணக்கிட முயன்றுள்ளனர். என் கருத்தில் அது நூலைத் தவறான வாயிலால் அணுகுவதாகும். வையாபாடல் காலக்கணக்கு நூலன்று. யார் எந்தப் பற்றுக்கு உரியவர், யாருடைய உரிமை யாருடையதினும் மூத்தது, எந்தக் குடி எந்த ஊரில் அமர்ந்தது என்பதை நிலைநாட்டும் உரிமைச் சாசனம் அது. காணி உறுதியில் எல்லை கூறுவதுபோல அந்நூல் குடிவரிசை கூறுகின்றது. அவ்வாறு வாசித்தால் அதன் புராணப் பகுதிகளும் பொருளுடையனவாகும். மதுரைத் தொடர்பு கூறுவது, கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே நின்ற ஒரு குழு தன் உயர்வை இவ்விரண்டுக்கும் அப்பாலிருந்து தேடிக்கொண்டதைக் காட்டுகின்றது. ஒல்லாந்த அதிகாரி மக்காராவின் வேண்டுகோட்படி 1736 ஆம் ஆண்டளவில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை இதற்கு மறுதலையான நோக்குடையது. அங்கே வன்னியர் யாழ்ப்பாணத்து அரசனின் கதையில் வந்துபோகும் துணைப் பாத்திரங்கள். பணிந்தால் நல்லவர், பணியாவிடிற் கலகக்காரர். வன்னி வரலாற்றை வைபவமாலையின் கண்ணாற் பார்க்கும் பழக்கம் எம்மிடையே இன்றும் முற்றாக ஒழியவில்லை.

வையாபாடலிலிருந்து ஒல்லாந்தர் ஆவணங்களுக்கு வரும்போது உலகமே மாறிவிடுகின்றது. குடிப்பெருமை மறைந்து கணக்கு வந்துவிடுகின்றது. 1658 இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், வன்னியரிடமிருந்து எதிர்பார்த்தது யானைகளை. பிடிக்கப்பட்ட யானைகள் ஆனையிறவுக் கடனீரேரியைக் கடந்து குடாநாட்டுக்குள் கொண்டுவரப்பட்டன. கோல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த வணிகர் அவற்றை வாங்கிக் கப்பலேற்றினர். முழக்கணக்கில் உயரம் அளந்து, கொம்பனா அலியனா என்று பார்த்து விலை பேசப்பட்டது. யாழ்ப்பாணக் கட்டளைத் தளபதிகள் தமக்குப் பின் வருவோருக்கு எழுதிவைத்த நினைவுக் குறிப்புக்களுள், 1697 ஆம் ஆண்டு ஸ்வார்டெக்ரூன் எழுதியது வன்னியைப் பொறுத்தவரை முக்கியமானது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1911 இல் வெளியாயிற்று. பனங்காமத்து வன்னியன் நல்லமாப்பாணனை நாம் அங்கே சந்திக்கின்றோம். ஆவணம் அவனை 'டொன் பிலிப் நல்லமாப்பாண வன்னியன்' என்று குறிக்கின்றது.

அப்பெயரைச் சற்று நின்று நோக்குதல் தகும். 'டொன்' என்பது போர்த்துக்கேயர் கொடுத்த மதிப்பு. 'பிலிப்' ஞானஸ்நானப் பெயர். 'மாப்பாணன்' தமிழ்ப் பெருமக்கள் பட்டம். 'வன்னியன்' பதவி. பெயரின் முற்பாதியைக் கொடுத்த போர்த்துக்கேயர் சென்றுவிட்டனர். கத்தோலிக்கத்தைப் பகையெனக் கருதிய ஒல்லாந்தர் வந்தனர். ஆயினும் அப்பெயர் மாறவில்லை. வந்தவர் கொடுத்ததை ஏற்றுக்கொண்டு, தன்னுடையதையும் விடாது, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்துக்கொண்ட ஓர் அரசியலின் சுருக்கம் அப்பெயரிலேயே உள்ளது. எமது நாடகாசிரியர்கள் இத்தகைய பெயருடைய ஒருவனைக் கதாநாயகனாக்கத் தயங்குவர் என்பதில் ஐயமில்லை. 'டொன்' என்று தொடங்கும் பெயருக்கு வீரவசனம் எழுதுவது எளிதன்று!

ஒல்லாந்தர் குறிப்புக்களில் வன்னியரைப் பற்றி மீண்டும் மீண்டும் வருவது ஒரே முறைப்பாடு. யானைத்திறை நிலுவையில் உள்ளது. வரவேண்டியவர்கள் நேரில் வருவதில்லை. கேட்டால் சாட்டுக் கூறுகின்றனர். இம்முறைப்பாட்டினை எமது வரலாற்றாசிரியர்களும் பெருமளவுக்கு ஒல்லாந்தரின் சொற்களிலேயே எடுத்தாண்டுள்ளனர். வன்னியர் கடனாளிகளாயினர், ஆதலால் வலிமையிழந்தனர் என்று முடிவு கட்டியோரும் உண்டு. நான் இதனை ஒத்துக்கொள்ளவில்லை. ஆண்டுதோறும் முழுத்திறையையும் தவறாது செலுத்தும் சிற்றரசு அடுத்த ஆண்டு மேலதிகத் திறைக்கு ஆளாகும். அடியோடு மறுக்கும் சிற்றரசு படையெடுப்புக்கு ஆளாகும். கொஞ்சம் கொடுத்து, மிகுதியை நிலுவையில் வைத்து, சாட்டுக் கூறி, இடையிடையே கண்டிப் பக்கமும் முகம் திருப்பி நிற்பது ஆண்டுகளை வாங்கித் தரும். 1658 இலிருந்து 1782 வரை நூற்றிருபத்து நான்கு ஆண்டுகள் ஒல்லாந்தக் கும்பனியின் அயலில் வன்னியர் இவ்வாறு காலந்தள்ளியிருக்கின்றனர். யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் 1619 இல் முற்றாக வீழ்ந்தது. கோட்டை அரசு அதற்கு முன்னரே மறைந்துவிட்டது. இந்தச் சிற்றரசுகள் அவற்றுக்குப் பின்னும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நின்றன என்பதை எண்ணிப் பார்த்தால், நிலுவையைச் சோம்பலென்றோ வலியின்மையென்றோ கூற மனம் வராது. ஆட்சிக் கலையின் ஒரு பகுதி அது. ஆனால் மேடையில் அதனை நடித்துக் காட்ட இயலாது. நிலுவை வைப்பவனுக்கு யாரும் கைதட்ட மாட்டார்கள்.

இதனால் வன்னியர் ஆட்சி குடிகளுக்கு இனித்தது என்று கொள்ளலாகாது. யானை தானாக நடந்து வந்து திறையாக நிற்பதில்லை. அதனைக் காட்டில் வளைத்துப் பிடித்து, கட்டிப் பழக்கி, காவல் வைத்து, தீனிபோட்டுக் குடாநாடுவரை கொண்டுசென்றோர் குடிமக்கள். அது அவர்கள் மீது சுமத்தப்பட்ட ஊழியம். குளக்கட்டுக்கு மண் சுமந்தோரும் அவர்களே. வன்னியன் ஒல்லாந்தரிடம் கூறிய சாட்டுக்களுள் ஒரு பகுதியாவது இக்குடிகள் வன்னியனிடம் கூறிய சாட்டுக்களாக இருந்திருக்கும் என்று நான் நினைப்பதுண்டு. மேலிருந்து கீழ்வரை ஒரே உத்தி!

இந்த நிலை 1782 இல் முடிவுக்கு வந்தது. லெப்டினன்ற் நாகெல் தலைமையில் ஒல்லாந்தர் படை வன்னியை அடக்கிற்று. எதிர்ப்புக் கடுமையாக இருந்தது என்பதை ஐரோப்பிய எழுத்தாளரே ஒப்புக்கொள்கின்றனர். வெற்றிக்குப்பின் நாகெலே வன்னியின் நிருவாகியாக முல்லைத்தீவில் அமர்ந்தான். 1793 இல் அவன் எழுதிய வன்னி பற்றிய அறிக்கை நெல்லையும் குளத்தையும் குடியையும் வருவாயையும் பற்றிப் பேசுவது. இங்கே ஒரு மாற்றம் கவனிக்கத்தக்கது. அதுவரை வன்னி கும்பனிக்கு யானை தரும் காடு. இனி அது நெல் தரும் வயல். யானை வேண்டுமாயின் வன்னியன் வேண்டும். அவனுடைய காட்டறிவும் குடிகள் மீதான பிடியும் வேண்டும். நெல் வரி வேண்டுமாயின் வன்னியன் வேண்டியதில்லை. கணக்கெழுதும் அதிகாரி போதும். வன்னிமையின் வீழ்ச்சிக்குக் காரணம் தேடுவோர் துரோகிகளின் பட்டியலை ஒதுக்கிவிட்டு இந்த மாற்றத்தை முதலில் ஆராய வேண்டும் என்பது என் துணிபு.

ஆங்கிலேயர் காலத்து நூல்களுள் ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலைத் தவிர்த்துவிட்டு எவரும் வன்னியைப் பற்றி எழுத முடியாது. சி. எஸ். நவரத்தினம் 1960 இல் ஆங்கிலத்தில் எழுதிய வன்னியும் வன்னியரும் பற்றிய நூலும் அதற்குக் கடன்பட்டதே. லூயிஸ் ஆட்சியாளராக இருந்தும் ஊரூராகக் காதுகொடுத்துக் கேட்டவர். குளங்களின் பெயர்களையும் மக்கள் நம்பிக்கைகளையும் வழக்காறுகளையும் திரட்டி வைத்தார். அதற்காக நாம் அவருக்கு நன்றியுடையோம். ஆயினும் அவர் நூலின் உள்ளோட்டம் வேறு. முன்னொரு காலத்திற் சிறந்திருந்த நாடு. பின்பு காய்ச்சலாலும் வறுமையாலும் காடாகிய நாடு. இனி நல்ல நிருவாகத்தால் உய்யவேண்டிய நாடு. இந்த மூன்று கட்டங்களுக்கு நடுவே வன்னியர் ஆட்சி ஒரு கலக காலமாகவே தோன்றுகின்றது. அவர் காணாத ஒன்று உண்டு. 1832 இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டபோது, குளங்களை ஆண்டுதோறும் செப்பனிட்ட கட்டாய உழைப்பும் சேர்ந்து ஒழிந்தது. அதற்குப் பதிலாக வேறோர் ஏற்பாடு நெடுங்காலம் செய்யப்படவில்லை. கட்டாய உழைப்பு ஒழிந்தது நன்று. கட்டு உடைந்தது தீது. இரண்டும் ஒரே கட்டளையின் விளைவுகள். லூயிஸ் கண்ட காட்டில் ஒரு பகுதி அவருடைய அரசே வளர்த்த காடு.

அவர் திரட்டிய ஊர்ப்பெயர்களுக்கு ஒரு பயன் உண்டு. அவற்றை நாம் வேறு வகையில் வாசிக்கலாம். துணுக்காய்ப் பகுதியில் கோட்டை கட்டிய குளம் என்றோர் ஊர் உள்ளது. யார் கட்டிய கோட்டை என்று கேட்டால் ஆளுக்கொரு விடை கிடைக்கும். பெயரை மட்டும் ஊர் மறக்கவில்லை. அம்பலப்பெருமாள்குளம், தென்னியங்குளம், அனிச்சியங்குளம், ஒட்டறுத்தகுளம், பாண்டியன்குளம் என்று குளத்தில் முடிவனவே பெரும்பான்மை. மூன்றுமுறிப்பு என்னும் பெயரைக் கேளுங்கள். 'முறிப்பு' என்பது கட்டு உடைந்த குளம். உடைந்ததையே ஊருக்குப் பெயராக வைத்து அவ்வூரில் வாழ்வது உலர்வலயத்து மக்களுக்கு இயல்பாயிற்று. ஒரு சிற்றரசின் வலிமை எத்தனை போர் வென்றது என்பதைவிட எத்தனை கட்டு உடையாது நின்றது என்பதாலேயே இந்நிலத்தில் அளக்கப்பட்டிருக்கும். ஊர்ப்பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வரலாறு கட்டுவது ஆபத்தானது என்பதையும் அறிவேன். பாண்டியன்குளத்தைக் கண்டவுடன் மதுரைப் பாண்டியனை அழைத்துவரும் ஆர்வம் எம்மவரிடம் நிறைய உண்டு.

இனி 1803. அவ்வாண்டு ஆகஸ்ட் 25 ஆம் நாள் பண்டாரவன்னியன் முல்லைத்தீவைக் கைப்பற்றினான். அங்கிருந்த ஆங்கிலக் காவற்படை யாழ்ப்பாணத்துக்குப் பின்வாங்கிற்று. ஒக்டோபர் 31 ஆம் நாள் கற்சிலைமடுவில் வொன் றிபேக் அவனைத் தோற்கடித்தான். யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய மூன்று திசைகளிலிருந்தும் படைகள் அனுப்பப்பட்டிருந்தன. கற்சிலைமடுவில் நாட்டப்பட்ட நினைவுக்கல் அவன் தோற்கடிக்கப்பட்டதையே கூறிற்று, கொல்லப்பட்டதாகக் கூறவில்லை. அவன் பின்னும் சில ஆண்டுகள் போராடிக் காயமுற்றுப் பனங்காமத்தில் இறந்தான் என்பது வழங்கிவரும் செய்தி. அக்கல் 2010 இல் உடைக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியைத் தனியே எடுத்துப் பார்த்தால் ஒரு வீரனின் தனிப் போராகத் தோன்றும். ஆனால் 1803 ஆம் ஆண்டின் ஏனைய மாதங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு தொடக்கத்தில் ஆங்கிலேயர் கண்டிமீது படையெடுத்தனர். யூன் மாதத்தில் கண்டியில் இருந்த மேஜர் டேவியின் படை அழிந்தது. அதன்பின் கண்டியார் பல முனைகளிலும் கரையோரத்தை நோக்கி இறங்கினர். முல்லைத்தீவு வீழ்ந்தது அந்த ஆகஸ்ட் மாதத்திலே. கண்டியின் துணை பண்டாரவன்னியனுக்கு இருந்தது. 'பண்டார' என்னும் முன்னொட்டே கண்டிப் பிரபுக்களின் பட்டத்தை நினைவூட்டுவது. ஆகவே நிகழ்ந்தது திடீர்ச் சீற்றமன்று. பேரரசுகள் இரண்டு மோதும் வேளை பார்த்துத் தன் இழந்த உரிமையை மீட்க முனைந்த சிற்றரசனின் கணிப்பு. அக்கணிப்பு இரண்டு மாதங்கள் பலித்தது. அவனை இவ்வாறு காண்பது அவனைச் சிறுமைப்படுத்துவதாகாது. நல்லமாப்பாணனின் வழித்தோன்றலாக, அதே அரசியல் மரபின் கடைசி ஆட்டக்காரனாக அவனைக் காண்பதாகும்.

நாடக மேடை கண்ட பண்டாரவன்னியன் வேறு. முல்லைமணி என்னும் வே. சுப்பிரமணியம் 1960களில் எழுதிய பண்டாரவன்னியன் நாடகம் வன்னியில் ஒரு தலைமுறைக்கே வரலாற்று நூலாக விளங்கிற்று. அதன் வசனங்களை மனனம் செய்து பேசாத பாடசாலை மேடை எமது பகுதியிற் குறைவு. வாளேந்தி நிற்கும் காவலர் வேடத்தில் ஒருமுறை நானும் நின்றிருக்கின்றேன், வசனம் தரப்படவில்லை. அந்நாடகத்தின் சாதனையைக் குறைத்து மதிப்பிடலாகாது. யாழ்ப்பாணத்தின் புறக்கடையாகக் கருதப்பட்ட ஒரு பகுதியின் மக்களுக்குத் தமக்கென ஒரு கதை உண்டு என்ற நிமிர்வை அது தந்தது. 1956 ஆம் ஆண்டின் பின் தமிழர் தம் வரலாற்றில் நாயகர்களைத் தேடிய காலம் அது. 1959 இல் வெளியான 'வீரபாண்டிய கட்டபொம்மன்' திரைப்படத்தின் வசனங்கள் ஈழத்துக் கிராமங்களிலும் முழங்கிய காலமுமாகும். கட்டபொம்மனுக்கு எட்டயபுரத்து எட்டப்பன்போலப் பண்டாரவன்னியனுக்கும் ஒருவன் வேண்டியிருந்தது. அவன்தான் காக்கை வன்னியன். பண்டாரவன்னியனின் தங்கை நல்லநாச்சியை விரும்பி, அது கைகூடாமையாற் காட்டிக்கொடுத்தவன்.

இந்தக் காக்கை வன்னியன் யார்? யாழ்ப்பாண வைபவமாலையைப் புரட்டினால் அவனை அங்கே காணலாம். ஆனால் அங்கே அவன் காட்டிக்கொடுப்பது சங்கிலியை, காட்டிக்கொடுப்பது பறங்கியரிடம். வைபவமாலை எழுதப்பட்டதே 1736 இல். அந்நூலில் வரும் ஒருவன் 1803 இல் ஆங்கிலேயருக்கு வழிகாட்ட வேண்டுமாயின் இருநூறு ஆண்டளவு உயிரோடிருந்திருக்க வேண்டும். துரோகி வேண்டியபோது ஆயத்தமாக இருந்த துரோகியின் பெயரை நாடக மரபு எடுத்துக்கொண்டது. கலைஞனுக்கு இவ்வுரிமை உண்டு என்று வாதிடலாம். நாடகம் வரலாறன்று என்பதும் சரியே. ஆனால் பின்னர் இக்கதை நாடகமாகவே நிற்கவில்லை. பேச்சுப் போட்டிகளிலும் விழா மலர்களிலும் அது வரலாறாகவே மறுபதிப்புப் பெற்றது. மு. கருணாநிதியின் 'பாயும் புலி பண்டாரக வன்னியன்' தமிழகத்து வாசகர்களிடமும் இவ்வீரகாதையைக் கொண்டுசென்றது. இன்று வன்னியிற் பலர் காக்கை வன்னியனை 1803 ஆம் ஆண்டுக்குரியவனாகவே நம்புகின்றனர்.

பெயர்ப் பிழை என்று இதனை நான் விட்டுவிடாமைக்குக் காரணம் உண்டு. துரோகி ஒருவனைக் கதையில் வைத்துவிட்டால் தோல்விக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. 1782 இல் ஏன் வன்னியர் தனித்தனியே நின்றனர், நாகெலின் ஆட்சிக்குப் பின் குடிகளுட் சிலர் பழைய வன்னியரை ஏன் விரும்பாதிருந்திருக்கலாம், ஊழியச் சுமை எவர் தோளில் இருந்தது, நெல் வரி எவரைப் பணக்காரராக்கியது ஆகிய வினாக்கள் யாவும் ஒரு காமுகனின் வஞ்சத்துள் அடங்கிவிடுகின்றன. எமது அண்மைக்கால வரலாற்றிலும் தோல்விகளுக்கு இவ்வகை விளக்கமே முதலில் வருகின்றது; ஆட்பெயர் மட்டும் மாறுகின்றது. பேராசிரியர் சி. பத்மநாதன் 1970 இல் வெளியிட்ட 'வன்னியர்' என்னும் நூல் சாசனங்களையும் ஒல்லாந்த ஆவணங்களையும் கொண்டு வேறொரு பாதையைத் திறந்து வைத்தது. அப்பாதையால் நடந்தோர் தொகையும் நாடகம் பார்த்தோர் தொகையும் ஒப்பிடத்தக்கனவல்ல. வரலாற்றாய்வின் முடிவுகள் கலைஞரின் கைக்கு எட்டாமையும், எட்டினும் சுவைக்காமையும் எமது பண்பாட்டுத் துறையின் பெரிய குறை.

இதில் இன்னொரு சிக்கலும் அடங்கியுள்ளது. இன்று துணுக்காய், மல்லாவி, பாண்டியன்குளம் ஆகிய இடங்களில் வாழ்வோர் எல்லாரும் பனங்காமத்துப் பழங்குடிகளின் வழிவந்தோரல்லர். 1950களில் வவுனிக்குளம் மீளக் கட்டப்பட்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்து காணி பெற்றுக் குடியேறியோர் உளர். வன்கலவரங்களால் மலையகத்திலிருந்து பெயர்ந்து வந்து காடு வெட்டியோர் உளர். 2008 இல் இவர்கள் எல்லாரும் ஒன்றாகவே இடம்பெயர்ந்தனர். முகாம் வாழ்வின் பின் ஒன்றாகவே மீண்டனர். வன்னியின் வரலாறு குருதிவழியாகவும் வீரப்பரம்பரையாகவும் மட்டும் சொல்லப்படுமாயின் இவர்களுட் பாதிப்பேர் அதில் விருந்தாளிகள். குளத்தின் வரலாறாகவும் உழைப்பின் வரலாறாகவும் சொல்லப்படுமாயின், நேற்று வந்து முறிப்பை அடைத்தவனுக்கும் அதில் இடம் உண்டு. எந்த வரலாற்றை எழுதுவது என்பது ஆகவே ஏட்டுப் பிரச்சினை மட்டுமன்று.

உழைப்பின் வரலாற்றுக்குச் சான்று எங்கே என்று கேட்கலாம். ஒன்று கண்முன்னே இருக்கின்றது. வேலப்பணிக்கன் மனைவி அரியாத்தை பேரில் பாடப்பட்டு வன்னி மக்களிடையே வழங்கிவந்த ஒப்பாரியை நாட்டார் பாடற் சுவைக்காக மட்டுமே நாம் இதுவரை படித்து வந்துள்ளோம். பணிக்கர் என்போர் யானை பிடிப்போர். வன்னியனின் விருப்பத்துக்காக, ஆண்கள் பிடிக்க அஞ்சிய யானையைப் பிடித்துக் கட்டிய பெண் அரியாத்தை. மேடைக்கும் அவள் கதை 'வேழம்படுத்த வீராங்கனை' என்ற பெயரில் வந்துள்ளது. அங்கேயும் 'வீராங்கனை' என்ற சொல்தான் மேலோங்கி நிற்கின்றது. தொழில் பின்னே போய்விட்டது. ஒல்லாந்தர் கணக்கேட்டில் யானையின் உயரம் உண்டு, கொம்பு உண்டு, விலை உண்டு. அதனைப் பிடித்த கையைக் காண முடியாது. ஒப்பாரியில் உயரமும் விலையும் இல்லை; பிடித்த கைக்கு ஒரு பெயர் உண்டு, அக்கைக்குரியவள் இறந்தபோது அழுதவர்களின் குரலும் உண்டு. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படித்தாலன்றித் திறை என்ற சொல்லின் முழுப்பொருள் விளங்காது. வரலாற்றுத் துறையார் கணக்கேட்டையும் தமிழ்த் துறையார் ஒப்பாரியையும் தனித்தனி அறைகளில் வைத்துப் படிப்பதே இன்றுள்ள நிலை.

வீரம் தேடுவோருக்குங்கூட வன்னியில் இன்னும் எழுதப்படாதது உண்டு. 1782 ஆம் ஆண்டின் எதிர்ப்போடு தொடர்புடையவளாக ஒரு வன்னிச்சியின் பெயர் நூல்களில் ஓரிரு வரிகளில் வந்து மறைகின்றது. ஆவணத்தில் அவள் பெயர் மரியா செம்பாத்தை. ஞானஸ்நானப் பெயரும் தமிழ்ப் பெயரும் அவளிடத்திலும் ஒட்டிக்கொண்டுள்ளன. ஒல்லாந்தர் அவளைச் சிறைபிடித்துக் கொழும்புக் கோட்டையில் அடைத்து வைத்தனர். எதிர்த்தவளை வன்னியிலேயே வைத்திருக்க அவர்கள் அஞ்சினர் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. அவளுக்குக் கல் இல்லை. அவளுக்காக ஓர் அங்கம் எழுதிய நாடகாசிரியரையும் நான் அறியேன்.